வெள்ளைப் பூ வந்தது

என் கையெழுத்தும் எழுத்துப்பிழையும் மோசம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி பஸ் நிலையப் பெஞ்சில் ஒரு அம்மா மார்பு ஸ்கேன் கவரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். திடீரென்று இலையில் மடித்த இரண்டு பூப்பொட்டலங்களை என்னிடம் நீட்டினார்.

“ஒரு டாக்டர் உடனே சதை எடுத்துப் பாக்கணும்ங்காரு. இன்னொருத்தர் ஆறு மாசம் பொறுங்காரு. ஒண்ணு எடுங்க அண்ணாச்சி. செவப்புன்னா டெஸ்டு, வெள்ளைன்னா பொறுக்கணும்.”

கூச்சத்தோடு எடுத்தேன். வெள்ளை அரளி.

“இன்னொருக்கா எடுங்க.”

“டெஸ்டுதான் மனசுலன்னா போயிர வேண்டியதுதானம்மா?”

“கூட வர ஆளில்ல. சாமியாவது போன்னு சொல்லட்டும்னு பாத்தேன்.”

என் மனைவியைத் துணைக்கு அனுப்புகிறேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அதற்குள் அம்பாசமுத்திரம் பஸ் வர, அந்த அம்மா ஏறிவிட்டார்.

டெஸ்டுக்குப் போனாரா, தெரியாது.

எழுதிய நாள்: தை முதல் வெள்ளி.