நெவென்கா ஓடுகிறாள்

காலை ஆறரை மணிக்கு நெவென்கா தன் நாயை விட்டு ஓடிக்கொண்டிருப்பாள். ஐம்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு, தபால் இலாகாவின் தடித்த பூட்ஸ், தோளில் குறுக்காகத் தொங்கும் பை. மீன் சந்தையில் தொடங்கிக் கோயில் படி வரைக்கும் ஓட்டம். "ஐயோ, போறேனே! நான் போறேனே!" என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு கத்துவாள். பின்னால் பத்து மாத நாய் ஒன்று வாயில் பந்தோடு, காது பறக்கத் துரத்திவரும். முதல் நாள் இதைப் பார்த்த ரொட்டிக்கடைக்காரி, தபால்காரியை நாய் கடிக்க வருகிறது என்று துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள்.

நாயின் பெயர் லெபிச். நாற்காலிகளைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும் எங்கள் தென்மேற்குக் காற்றின் பெயர் அது. வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டு. அப்பன் யார் என்று எங்கள் தீவில் யாருக்கும் தெரியாது; தெரிந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை.

நெவென்காவும் நானும் ஒரே வகுப்பு. முப்பது வருடமாக மஞ்சள் ஸ்கூட்டரில் தபால் கொண்டுவருகிறாள். நாய் என்றாலே அவளுக்கு ஆகாது. கெண்டைக்காலில் நான்கு தழும்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வீட்டு எண் சொல்லுவாள். "இது பதினேழாம் நம்பர். நல்ல குடும்பம்தான், நாய்தான் சரியில்ல." அப்படிப்பட்டவள் போன கிறிஸ்துமஸ் சமயத்தில் ஸ்கூட்டரின் தபால் பெட்டிக்குள் ஒரு நாய்க்குட்டியை உட்கார வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். தீவே வாயைப் பிளந்தது. "கையெழுத்துப் போட்டு வாங்கிக்க ஆளில்ல. திருப்பி அனுப்பவும் விலாசமில்ல. என்ன பண்ணச் சொல்றே?" என்றாள்.

அந்தக் குட்டியைக் கெடுத்தது நாங்கள்தான். மாலையில் துறைமுகத்தை ஒட்டிய மண் களத்தில் எட்டுப் பேர் பந்து உருட்டுவோம். புலின் என்கிற குட்டிப் பந்தை முதலில் வீசி, யாருடைய பெரிய பந்து அதன் பக்கத்தில் போய் நிற்கிறது என்று பார்ப்பதுதான் ஆட்டம். ஆனால் உருட்டிவிட்டுச் சும்மா நிற்க எங்களால் முடியாது. பந்தின் பின்னாலேயே குனிந்து ஓடி, "மெதுவா, மெதுவா! நில்லுடி என் ராசாத்தி!" என்று கெஞ்சுவோம். எந்த ராசாத்தியும் கேட்டதில்லை. ஒருநாள் லெபிச் புலினைக் கவ்விக்கொண்டது. பழக்க தோஷம், எட்டுப் பேரும் கத்திக்கொண்டு அதன் பின்னால் ஓடினோம். எதையாவது கவ்வினால் எட்டுப் பெரிய மனிதர்கள் துரத்துவார்கள், அதுதான் விளையாட்டு என்று குட்டி முடிவு கட்டிவிட்டது. அதற்குப் பிறகு நெவென்கா எதை எறிந்தாலும் கவ்விக்கொண்டு பத்தடி தள்ளி நிற்கும். கூப்பிட்டால் பின்புறத்தை ஆட்டும், வராது. எங்களுக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

ஜூன் மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. கார்களை ஏற்றிவரும் பெரிய படகு வாய்க்கதவைக் கரையில் சாய்த்து வண்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. லெபிச் பந்தோடு ஓடியது, நான் துரத்தினேன். அது நேரே அந்தச் சரிவில் ஏறிவிட்டது. லாரி பிரேக் போட்டு நின்றபோது சக்கரத்துக்கும் நாய்க்கும் ஒரு சாண்தான் இடைவெளி. நெவென்கா இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அன்று மாலையே அவளுடைய அண்ணன் ஷிமே வந்தான். அவனுக்கு மலைமேல் திராட்சைத் தோட்டம். அங்கே ஒரு முளையும் சங்கிலியும் காலியாக இருந்தன.

"எங்கிட்ட குடுத்துடு. கட்டிக் கெடந்தா உசிரோடவாவது கெடக்கும்ல?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "ஆகஸ்ட்ல நம்ம கோயில் ரோக் திருவிழா வரைக்கும் டைம் குடுண்ணே. அதுக்குள்ள கூப்பிட்டா வரப் பழகலைன்னா நீயே கூட்டிட்டுப் போ" என்றாள்.

இரண்டு நாள் கழித்து என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். "டோன்கோ, நாலு தடவ கடி வாங்கியிருக்கேன். நாலு தடவையும் நான் ஓடினேன், அது துரத்திச்சு. நிக்கிற தபால்காரிய எந்த நாயும் துரத்தினதில்ல. அப்ப நான்தானேடா ஓடணும்? நீங்க எதுக்குடா ஓடுறீங்க?"

மறுநாள் காலை ஓட ஆரம்பித்தாள். நாய் எட்டிப் பிடித்துப் பந்தைக் கொடுத்தால் அதற்கு ஒரு துண்டு உப்பு மத்தி மீன். பையில் கடிதங்களோடு கடிதமாக மத்தியும் ஊர் சுற்றியதால், அந்தக் கோடையில் எங்கள் தீவில் வரி நோட்டீஸ்கூட வாசனையாக வந்தது. எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் நாயைத் திட்ட மாட்டாள். ஒருமுறை நாற்பது நிமிடம் கழித்து, பந்தை எங்கோ தொலைத்துவிட்டு, யாருடையதோ ஒரு காலுறையோடு வந்தது. "என் தங்கமே, வந்துட்டியா" என்று கொஞ்சினாள். குரல்தான் கொஞ்சியது, முகத்தில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. கோயிலில் புனித ரோக்கின் காலடியில் வாயில் ரொட்டியோடு ஒரு நாய்ச் சிலை உண்டு. லெபிச்சை வாசலில் நிறுத்தி அதையும் காட்டினாள். "பாத்தியா? அவன் தின்னாம கொண்டாந்து குடுக்கிறான்."

நாயைவிட எங்களைப் பழக்குவதுதான் அவளுக்குப் பெரும்பாடு. லெபிச் எதைக் கவ்விக்கொண்டு ஓடினாலும் நாங்கள் பெஞ்சில் உட்கார வேண்டும், மூச்சு விடக் கூடாது. எங்கள் பந்தாட்டச் சங்கத் தலைவர் ஃபிரானே மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எண்பது வயசுல எனக்கு உக்காரச் சொல்லிக் குடுக்கிறியா?"

"உக்காந்தா உங்களுக்கும் மீன் தர்றேன் மாமா."

மாமா உட்கார்ந்தார். மீனையும் வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் பதினாறு, திருவிழா. பக்கத்து ஊரோடு ஆட்டம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, இன்னும் ஒரு புள்ளி எடுப்பவர்களுக்குக் கோப்பை. ஷிமே மதிலோரம் நின்றிருந்தான். ஃபிரானே மாமா புலினை வீசவும் பாண்டு வாத்தியக்காரர்கள் ஊதவும் சரியாக இருந்தது. சத்தத்தில் மிரண்ட லெபிச், வாரை நெவென்காவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு களத்துக்குள் பாய்ந்தது. புலினைக் கவ்வியது. துறையைப் பார்த்து ஓடியது. அங்கே படகு அப்போதுதான் வாய் திறந்து வண்டிகளை இறக்கத் தொடங்கியிருந்தது.

பக்கத்து ஊர்க்காரர்கள் கூச்சலோடு எழுந்தார்கள். "உக்காருங்கடா எல்லாரும்!" என்று கைத்தடியை நீட்டி மறித்தார் மாமா. நான் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். நெவென்கா திருவிழாச் செருப்பை உதறினாள். படகுக்கும் நாய்க்கும் முதுகைக் காட்டித் திரும்பி, "நான் போறேனே!" என்று கத்திக்கொண்டு கோயிலை நோக்கி ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கெட்டது காரியம் என்று அவளுக்குத் தெரியும். அப்படி ஓட என்னால் முடிந்திருக்காது.

லெபிச் சரிவின் அடியில் நின்றது. பின்னால் பார்த்தது, துரத்த ஒருவரும் இல்லை. முதல் கார் ஹார்ன் அடித்தது. தூரத்தில் அவள் போய்க்கொண்டிருந்தாள். வாரை இழுத்துக்கொண்டு அவள் பின்னால் விட்டது பாருங்கள் ஓட்டம்!

கோயில் படிக்குச் சற்று முன்னால் அவளை எட்டிப் பிடித்து, விரித்த உள்ளங்கையில் புலினைப் போட்டது. இரண்டு ஊரும் ஆர்ப்பரித்தன. நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் அழுதாள். ஷிமே தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, மலைப்பாதையில் தனியாக நடக்க ஆரம்பித்தான்.

பக்கத்து ஊர்த் தலைவர் கையை நீட்டிக்கொண்டு வந்தார். "புலினைக் குடும்மா. ஒரே ஒரு புள்ளிதான் பாக்கி."

"இருங்க. இப்ப வாங்கி வெச்சுக்கிட்டா, எங்கிட்ட வந்ததுனாலதான் விளையாட்டு போச்சுன்னு லெபிச் நினைச்சுக்குவான்" என்றாள் நெவென்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கையை ஓங்கி, புலினைக் கோயில் படிகளுக்கு மேலே எறிந்தாள்.