மகள் நம்பரைக் கொடுத்த டீச்சர்

"இன்னும் ஒரு மாசம் பாக்கறேன். ஆப்புக்கு ஆளு ஏறலைன்னா உன் டீமைக் கலைச்சிட வேண்டியதுதான்" என்று எங்கள் ஃபவுண்டர் ரகு சொன்னபோது, நான் தாம்பரம் ஆபீசில் குரோத் புராடக்ட் மேனேஜராகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. என்னை நம்பிப் பழைய வேலையை விட்டு வந்த மூன்று பேர் அந்த டீமில் இருந்தார்கள்.

கிளினிக் டோக்கனை ஃபோனிலேயே போடும் ஆப் எங்களுடையது. விளம்பரம் கொடுத்து ஆளைக் கூட்டுவது மார்க்கெட்டிங். வந்தவர் ஏன் வாசலோடு திரும்பிப் போகிறார் என்று பார்ப்பது என் வேலை. டவுன்லோட் செய்தவர்களில் பாதிப் பேர் ஓடிபி கேட்கும் இடத்தில் நின்றுவிட்டார்கள். வயதானவர்கள், ஓடிபி புரியவில்லை என்று நானே தீர்ப்பு எழுதி, விளக்க வீடியோவும் போட்டேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

கடுப்பில் லேப்டாப்பை மூடிவிட்டு ஊரப்பாக்கத்தில் ஒரு கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ரிட்டயர்டு ஆசிரியை ஸ்டெல்லா, எங்கள் ஆப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "ஆன்ட்டி, ஓடிபின்னா இன்னான்னா..." என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"தம்பி, முப்பது வருஷம் கணக்கு எடுத்தவ நான். ஓடிபி எனக்குத் தெரியும். அது பெங்களூர்ல என் பொண்ணுக்குப் போயிருக்கு. மீட்டிங்ல இருப்பா, எடுக்க மாட்டா."

"உங்க நம்பரையே போடலாமே டீச்சர்?"

"போடலாம். நான் டாக்டர்கிட்ட வந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? நானா ஃபோன் பண்ணி உடம்பு முடியலன்னு சொல்ல மாட்டேன், பதறிடுவா. ஒரு மெசேஜ் போனா, அவளே கூப்பிட்டுக் கேப்பால்ல?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வாரம் படப்பை வரை கிளினிக் கிளினிக்காக உட்கார்ந்து கேட்டேன். பலரும் அதையேதான் சொன்னார்கள்.

ஓடிபி அவரவர் ஃபோனுக்கு, டோக்கன் போட்ட தகவல் அவர்கள் சொல்லும் இன்னொருவருக்கு என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன். ரகு எகிறினார். "இருக்கற ஃபார்மையே எவனும் முடிக்கல. இதுல இன்னொரு பாக்ஸா? ஃபார்மைச் சுருக்கணும்னு படிச்சதெல்லாம் மறந்துட்டியா?" படித்ததை அன்று மறந்ததுதான் நான் செய்த நல்ல காரியம். வாழ்க்கையில் முதல்முறையாக பாஸிடம் குரலை உயர்த்தி, அந்தக் கட்டத்தை வாங்கினேன்.

மாதம் முடிவதற்குள் ஆள் ஏறியது. தகவல் போன பிள்ளைகள், மாமனார் மாமியாருக்கும் தாங்களே ஆப்பைப் போட்டுக் கொடுத்தார்கள். டீம் கலையவில்லை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: ஒருவர் பாதியில் நின்றால், அவருக்குத் தெரியவில்லை என்று எழுதிவிடாதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

புதிய ஆப் வந்த அன்று டீச்சரை மறுபடி கிளினிக்கில் பார்த்தேன். டோக்கன் போட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஃபோன் அடித்தது.

"ஒண்ணுமில்லடி, சும்மா சளிதான். நீ மீட்டிங்கப் பாரு" என்றார். ஆனால் ஃபோனை வைக்கவில்லை. உள்ளே அவர் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டபோதும் பேசிக்கொண்டேதான் இருந்தார்.