கொட்டாங்குச்சிக்கு வாடிய மரம்

அன்று ரேணிகுண்டா பழைய சாமான் கடையில் இருந்தது நான்கு பேர்: நான், என் நாத்தனார், எடை போடும் மாமா, செல்போனோடு வந்த ஒருவர். அந்தப் போனில் குப்பையைப் பிரிக்கக் கற்றுத்தரும் ஆட்டமாம். அதையே பிழைப்பாக வைத்திருக்கும் எங்களுக்குக் கற்றுத்தர வந்திருந்தார். அரைநாள் வேலையை விட்டு ஆடினால் ஆளுக்கு முந்நூறு என்று பேச்சு.

கசங்காத வெள்ளைச் சட்டை. நாங்கள் போனைத் தொட்டுத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் ஈரக் காகிதத்தால் துடைப்பார். காகிதத்தைக் காலடியிலேயே போடுவார்.

திரையில் வரும் பொருளை அதற்கான பெட்டியில் போட வேண்டும். மூவருக்கும் சேர்த்து ஒரே மரம். ஒருவர் தப்பாகப் போட்டாலும் அது வாடும். வாடினால் மூவர் கூலியையும் பிடித்துக்கொள்வாரோ என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்துப் போட்டேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கொட்டாங்குச்சி வந்தது. கரி சுட வாங்கிப் போகிறார்களே என்று, மறுபடி பயன்படும் பொருட்களின் பெட்டியில் போட்டேன். மரம் வாடிவிட்டது.

"தப்பும்மா. அது மக்குற குப்பை."

"பன்னெண்டு வருசமா வித்துக்கினு கீறோம் சார்," என்றாள் நாத்தனார். "மக்குறதுக்கு எவன் காசு குடுப்பான்?"

"கேம்ல அப்படித்தான் வச்சிருக்காங்க."

அவர் காலடியில் கிடந்த காகிதங்களைக் காட்டி, "இது எந்தப் பெட்டி சார்?" என்று கேட்டேன். குனிந்து, அக்கறையாகத்தான் பார்த்தார்.

"அது கேம்ல இல்லம்மா."

கேலியாகச் சொல்லவில்லை; நிஜமாகவே சொன்னார். அதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. காகிதங்களை நான்தான் பொறுக்கினேன். கூலியைச் சனிக்கிழமை தருகிறேன் என்று போனவர் வரவே இல்லை. மூன்று பேருக்கும் சேர்த்து, தொள்ளாயிரம் ரூபாய்.