அந்தப் பாட்டிலை யார் மூடியது?

காதர் போய்விட்டான்.

காலையில் மேலப்பாளையத்திலிருந்து அவன் தம்பி போன் செய்தான். "காக்கா வஃபாத் ஆயிட்டாவண்ணே... சுபுஹு தொழுதுட்டு வந்து உக்காந்தாவ, அப்படியே சாஞ்சிட்டாவ."

நான் "எந்தக் காக்கா?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது... அவனுக்கு இருந்தது ஒரே அண்ணன்.

சவூதியிலிருந்து லீவில் வந்து பத்து நாள்தான் ஆகிறது. முந்தாநாள்கூட மெசேஜ் போட்டிருந்தான். "வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாலே. வரலைன்னா நான் விக்கிரமசிங்கபுரத்துக்கே வந்து தூக்கிருவேன்."

இதைப் படிக்கிற பலருக்கு அவனைத் தெரியாது. நானும் அவனும் திருநெல்வேலியில் ஒரு வேதியியல் லேபில் ஒரே வருடம் பிஎச்.டி. சேர்ந்தவர்கள்.

எங்கள் வேலை இதுதான். வலி மாத்திரையில் இருக்கிற மருந்தை எடுத்து, வேறொன்றோடு சேர்த்து உப்பாக்குவோம். ஆனால் அந்த உப்பு கட்டியாக இருக்காது, தேன் மாதிரி ஓடும். அதைத் தண்ணீரில் கலந்தால் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

கொஞ்சமாகப் போட்டால் மருந்துத் துகள்கள் தனித்தனியாகத் திரியும். ஓர் அளவைத் தாண்டினால் கும்பல் கும்பலாகச் சேர்ந்துகொள்ளும். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து கிராஃப் போட்டால், அந்த இடத்தில் கோடு வளையும். அந்த வளைவு எந்த அளவில் வருகிறது... அதற்காகத்தான் எங்கள் இரண்டு பேருடைய இளமையும் போனது.

காதர் சொல்லுவான்: "ஆளு கொறச்சலா இருந்தா அவனவன் பாட்டுக்குத் திரியுதான். தேரோட்டத்துக்குக் கூட்டம் வந்துட்டா தோளோட தோள் ஒட்டிக்கிடுதான். மருந்தும் நம்ம ஊருதாம்லே."

இனி எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட.

அந்தத் திரவம் சும்மா திறந்திருந்தாலே காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துவிடும். அதனால் எடை போட்டதும் மூடி, ஈரம் உறிஞ்சும் நீலக் குருணை போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். லேபில் முதல் நாளே சொல்லித் தந்த விஷயம்.

ஒரு சனிக்கிழமை. வெளியே நல்ல மழை. என் சோதனைக்கு எடை போட்டு எடுத்துவிட்டு, பாபநாசம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அம்பாசமுத்திரம் வந்தபோதுதான் ஞாபகம் வந்தது... பாட்டில் மேஜை மேல். மூடி அதன் பக்கத்தில்.

ஞாயிறு லேப் கிடையாது. திங்கள்கிழமை பஸ் லேட். நான் போய்ச் சேர்ந்தபோது காதர் தன் சோதனைக்கு அதே பாட்டிலிலிருந்து எடை போட்டு முடித்திருந்தான்.

பாட்டில் மூடியிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

நான் வாய் திறக்கவில்லை. ஒருவேளை நான்தான் மூடிவிட்டுப் போயிருப்பேனோ என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

என் கிராஃபில் வளைவு ஓர் இடத்தில் வந்தது. காதருடைய கிராஃபில் தள்ளி வந்தது. வரத்தானே செய்யும்... அவன் மருந்து என்று எடை போட்டதில் ஒரு பங்கு வெறும் தண்ணீர். அவன் கருவியைச் சந்தேகப்பட்டான், கம்பியை மாற்றினான், தண்ணீரை மறுபடி மறுபடி காய்ச்சி வடித்தான். அதே பாட்டில், அதே தள்ளிப்போன எண்.

அந்த எண்ணை நம்பி ஒரு கருத்தரங்கில் போய் நின்றான். யாரோ ஒரு பேராசிரியர், "தம்பி, தராசைப் பார்த்தீர்களா, இல்லையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு புதிதாகத் தயாரித்த மருந்தில் அவனுக்கும் என் எண்ணே வந்தது. "முதல் தடவை காதர் கை பிசகிவிட்டது" என்று எங்கள் சார் முடித்துவிட்டார். ஆறு மாதத்தில் அவன் பிஎச்.டி.யை விட்டுவிட்டு, சவூதியில் கடல்நீரைக் குடிநீராக்கும் கம்பெனிக்குப் போனான்.

"அங்கனயும் தண்ணிக்குள்ள கம்பியை விட்டு கரண்டு பாக்குற வேலைதாம்லே" என்று சிரித்தான்.

அங்கிருந்து பேசும்போதெல்லாம் போனை வைக்கும் முன் ஒன்று கேட்பான். "சரி வைக்கேன்... மூடியை மூடிட்டியாலே?"

லேபில் எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற கேள்விதான் அது. நானும் "மூடிட்டேம்லே" என்பேன். வைத்த பிறகு கொஞ்ச நேரம் எந்த வேலையும் ஓடாது.

தெரிந்துதான் கேட்டானா? திங்கட்கிழமை காலை திறந்து கிடந்ததைப் பார்த்து மூடியது அவனா? அப்படியென்றால் அதிலிருந்தே ஏன் எடை போட்டான்? இல்லை, லேபைக் கூட்ட வந்தவர் யாராவது மூடினார்களா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இன்று மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வீட்டு வாசலில் அவன் தம்பி என்னை ஒரு பெரியவரிடம் கூட்டிப் போனான். "இவியதான் காக்காகூட ஆராய்ச்சி பண்ணுனவிய. காக்கா தப்பா எடுத்த கணக்கை இவியதான் சரியா எடுத்துக் காட்டுனாவ. காக்கா எப்பவும் பெருமையாச் சொல்லுவாவ."

பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருங்க தம்பி" என்றார்.

காதர் அப்படித்தான் நம்பினானா? இல்லை, எனக்காக வீட்டில் அப்படிச் சொல்லி வைத்தானா?

அப்போதும் நான் சொல்லவில்லை. கையை மட்டும் அவரிடம் கொடுத்துவிட்டு நின்றேன்.

எல்லோரையும் போல நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். மழை பெய்த மண்... விரலில் ஒட்டிக்கொண்டது. இதை டைப் செய்யும்போதும் நகக்கண்ணில் இருக்கிறது.

காதர், அதைத் திறந்து போட்டுட்டுப் போனது நான்தாம்லே.

பைய போயிட்டு வா.