கயிற்றில் படுத்த பம்பைக்காரர்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு புத்தகத்தின் அட்டையைப் படித்து முடிப்பதற்குள் கண் களைத்துப் போகும், உள்ளே போவதில்லை. ஆனால் அட்டை என்று வந்தால், இந்த ஜூஜுவாடி பஸ் ஸ்டாப்பில் என் அளவுக்குப் பார்த்தவர் யாரும் கிடையாது. பெருமையாகவே சொல்கிறேன். நான் பூ விற்கிற இடத்தை ஒட்டினாற்போல் புத்தகக் கடை. கட்டின சரத்தை மடியில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க எதிரே தொங்குகிற அட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதில் ஒன்று என் வீட்டில் பிறந்தது. என் மருமகள் ஆனேக்கல் பக்கத்துப் பெண். ஓசூரில் ஒரு அச்சாபீசில் கம்ப்யூட்டரில் அட்டை போடுகிற வேலை. அங்கே மாதாமாதம் ஒரு பாட்டுப் பத்திரிகை வருகிறது. பம்பை, மேளம், பேண்டு, கோயில் பாட்டு எல்லாம் அதில் உண்டு. என் மருமகள் புத்தகத்துக்கு முகம் வரைகிறவள் என்று இந்த வரிசை பூராவும் நான் சொல்லி வைத்திருந்தேன்.

ஆனால் புத்தகம் போகவில்லை. அட்டையில் காதில் என்னவோ மாட்டிக்கொண்டு சிரிக்கிற ஒரு பெண்ணை முதலாளி போடச் சொல்வார், இவளும் போடுவாள். அதைப் பார்த்துக் கம்பெனிப் பிள்ளைகள் ஓடி வந்து எடுப்பார்கள், பிரித்தால் உள்ளே மேளக்காரர் பேட்டி. வைத்துவிட்டுப் போவார்கள். மேளக்காரர்களோ, அந்தப் பெண்ணைப் பார்த்து இது நமக்கில்லை என்று தாண்டிப் போவார்கள். முகம் ஒருத்தரைக் கூப்பிடுகிறது, வயிறு வேறொருத்தருக்குச் சோறு வைத்திருக்கிறது. கட்டு கட்டாகத் திரும்பிப் போயிற்று.

ஒரு நாள் மருமகள் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. "இந்த மாசமும் திரும்பி வந்தா, அட்டை வேலையை பெங்களூருல யாருக்கோ குடுத்துடுவாங்களாம் அத்தே" என்றாள். அவளுக்கு அந்த வேலை என்றால் உயிர்.

அந்த மாதம் அவளே துணிந்து, எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் செல்போனில் எடுத்த படத்தைப் போட்டாள். இடுப்பில் பம்பை கட்டி, கன்னமெல்லாம் வேர்வை வழிய, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு அடிக்கிற ஒருத்தர். இன்னொன்றும் செய்தாள். எங்கள் பஸ் ஸ்டாப்பில் புத்தகத்தை நடுவில் பிரித்துக் கயிற்றின்மேல் கவிழ்த்துப் போடுவார்கள், துணி காயப்போடுகிற மாதிரி. அப்போது அட்டை பக்கவாட்டில் படுத்துவிடும். எல்லா நடிகைகளும் எங்கள் கடையில் படுத்துக்கொண்டுதான் சிரிப்பார்கள். இவள் யோசித்து, கயிற்றில் போட்டால் பம்பைக்காரர் நிமிர்ந்து நிற்கிறாற்போல, அட்டையையே படுக்கவைத்து அடித்துவிட்டாள். புத்தகத்தின் பேரும் படுக்கை. கையில் எடுத்தால்தான் சாய்ந்திருக்கும்.

"முதலாளி ஒத்துக்கிட்டாரா?"

"கடைசித் தடவைதானே, என்னமோ பண்ணுன்னுட்டார்."

புத்தகம் வந்த அன்றைக்குக் காலையிலேயே எனக்குக் கை ஓடவில்லை. மல்லியையும் கனகாம்பரத்தையும் மாற்றிக் கட்டினேன். கடைக்காரர் புத்தகங்களைத் தொங்கவிட்டு நகர்ந்த நேரம், வேலைக்குப் போகிற வழியில் மருமகள் ஸ்கூட்டரை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தவள் முகம் வாடிப்போயிற்று.

பம்பைக்காரர் படுத்திருந்தார். வரிசையாக, அத்தனை பேரும்.

"அண்ணா, ஏன் இப்படிப் போட்டீங்க?"

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "நம்ம வீட்டுப் புத்தகத்தை எல்லாத்தையும் மாதிரி கயித்துல கவுத்துப் போட முடியுமா தாயி? ஒம் மாமியா எத்தன நாளாச் சொல்லுதாவ! அதான் புதுசா கிளிப்பு வாங்கி, மேல் முனையைப் பிடிச்சு ஜம்முனு தொங்கவிட்டிருக்கேன்."

அன்பு பண்ணிய காரியத்தை என்ன சொல்ல. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. அத்திப்பள்ளிப் பக்கம் திருவிழாவுக்குப் போகிற பம்பை செட்டு. பம்பைக்குச் சுற்றுவதற்குப் பூ வாங்க என்னிடம்தான் வருவார்கள். சரத்தை அளந்துகொண்டிருக்கும்போது ஒருத்தர் கழுத்தைச் சாய்த்தார்.

"ஏன்டா, அங்க பாரு. பம்பைக்காரன் படுத்துக்கினு அடிக்கிறான்."

"நேத்து ராத்திரி கச்சேரி முடியலியோ என்னமோ."

"உன்னைப் பாத்துதான் படம் புடிச்சிருக்காங்க மாமா. நீதான் சாமி ஊர்வலத்துல சாய்ஞ்சுக்கினே வருவே."

மாமா என்கிற அந்தப் பெரியவர் நேரே போய் கிளிப்பைக் கழற்றி, புத்தகத்தைத் திருப்பினார். பம்பைக்காரர் எழுந்து நின்றார். பெரியவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அட்டையில் இருந்த கையைத் தன் விரலால் தொட்டார். "குச்சி புடிச்சிருக்கறதைப் பாரு. பொய்யில்லை, அடிக்கிறவன்தான்." பிரித்தார். உள்ளே பம்பைக்குத் தோல் கட்டுவதைப் பற்றி எழுதியிருந்தது. "டேய், எல்லாரும் வாங்கடா. இது நம்ம புத்தகம்."

வேன் காலியாகிக் கடை நிறைந்தது. இவர்கள் சிரிக்கிற சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்களும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். கன்னடம் பேசுகிற ஒரு அம்மா பையை இறக்கி வைத்துவிட்டே சாய்ந்தாள். தலையைச் சாய்த்தவர்கள் கையை நீட்டாமல் போகவில்லை.

கடைக்காரருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு கிளிப்பைக் கழற்றப் போனார். மருமகள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "பேடா அண்ணா, வேணாம், அப்படியே இருக்கட்டும்!" ஆபீசுக்கு நேரமானது அவளுக்கு நினைவே இல்லை. அவள் தலையில் நான் ஒரு முழம் மல்லியை வைத்துத்தான் அனுப்பினேன்.

அந்தத் தடவை திரும்பக் கட்டி அனுப்பப் புத்தகம் மிஞ்சவில்லை. முதலாளி போனில் சொன்னாராம்: "அடுத்த அட்டையும் நீயே போடும்மா. நிக்க வெப்பியோ படுக்க வெப்பியோ, எனக்குத் தெரியாது."

அடுத்த மாதக் கட்டு வந்த அன்றைக்குக் கடைக்காரர் ஒரு கையில் கிளிப்பும் இன்னொரு கையில் புத்தகமுமாக என் பூக்கூடை முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, இந்தத் தடவை ஆளு நிக்காரா, படுக்காரா? எப்படித் தொங்கவிட்டாத் தப்பா இருக்கும்னு சொல்லுங்க, அப்படியே விட்டுருதேன்."