டிஸ்க்கில் தேய்த்த தேங்காய் எண்ணெய்

ஏறத்தாழப் பத்து மாதங்களாக அம்மா ஸ்கூட்டரைத் தொடவில்லை. முந்தைய கார்த்திகை மழையில், சேலையூரில் எங்கள் தெருமுனையில் தேங்கியிருந்த நீரைக் கடந்து வந்தபோது பழைய வண்டியின் பிரேக் முதலில் பிடிக்கவில்லை. பிறகு, எதிர்பாராத கணத்தில், முழுதாகப் பிடித்தது. விழுந்ததில் அவர் மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு இருந்தது. அதன்பின், தாம் ஆசிரியையாக இருக்கும் பல்லாவரத்துப் பள்ளிக்கு ஷேர் ஆட்டோவிலும் மின்சார ரயிலிலும் போய்வந்தார். "என் கைக்கு வண்டி ஒத்துவரல" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

பிழை கையில் இல்லை, பிரேக்கில்தான் என்று நிறுவ முயன்றேன். பழைய வண்டியில் இரு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். சக்கரத்தின் நடுவே மூடிய கிண்ணம் போன்ற டிரம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு கட்டைகள். பிடியை அழுத்தினால் கேபிள் இழுக்க, கட்டைகள் விரிந்து டிரம்மின் உட்சுவரில் உரசும். சுழலும் டிரம்மே ஒரு கட்டையைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்வதால் கைக்கு அதிக வலு வேண்டியதில்லை. ஆனால் மூடியிருப்பதால் உள்ளே பிறந்த சூடு எளிதில் வெளியேறாது. உள்ளே புகுந்த நீரும் அப்படியே. டிஸ்க் பிரேக்கில் மறைப்பு இல்லை. சக்கரத்தோடு சுழலும் எஃகுத் தகட்டை, பிரேக் திரவத்தின் அழுத்தத்தால், இரு பக்கமிருந்தும் பேடுகள் எனும் உரசு கட்டைகள் கவ்வுகின்றன. காற்று படுவதால் தகடு விரைவில் ஆறும். நீரைச் சுழற்சியே உதறிவிடும்.

இதை மூன்று முறை விளக்கினேன். மூன்றாம் முறை அம்மா, "சரிடீ, வாங்கலாம். ஆனா பின்னாடி நீ உட்காரணும்" என்றார். முன்சக்கரத்தில் டிஸ்க்கும் பின்சக்கரத்தில் டிரம்மும் கொண்ட வண்டி வந்தது. பள்ளியில் புதிதாகக் குழந்தைகளைச் சேர்க்கும் விஜயதசமியன்று அவரே ஓட்டிச் செல்வதென்று முடிவாயிற்று.

முந்தைய நாள் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, தேங்காய் எண்ணெய் தோய்த்த துணியால் பளபளப்பாக்கினேன். முன்சக்கரத் தகடு மங்கலாகத் தெரிந்தது. அதையும் இரு பக்கமும் துடைத்தேன். பிறகு சந்தனம், குங்குமம், மாலை. சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியைக் கையால் உருட்டியே நசுக்கினோம். பிரேக் பிடிக்கத் தேவை எழவில்லை.

மறுநாள் தெரு முழுதும் உடைத்த பூசணிக்காய்கள். அம்மா நிதானமாகவே ஓட்டினார். பெரிய சாலையில் திரும்பும் இடத்தில் ஓர் ஆட்டோ நின்றிருந்தது. அம்மாவின் வலக்கை முன் பிரேக்கை அழுத்துவதைப் பின்னாலிருந்து கண்டேன். வேகம் குறையவில்லை. இடக்கையும் அழுத்தியது. பின்சக்கரம் பிடித்து, ஆட்டோவிலிருந்து ஒரு சாண் தொலைவில் நின்றோம்.

ஆட்டோ ஓட்டுநர் தலையை நீட்டினார். "இன்னாம்மா, எலுமிச்சம்பழம் பத்தலன்னு என் வண்டிய நசுக்கிப் பாக்கறியா?"

அம்மா சிரிக்கவில்லை. இறங்கி, சாவியை என் கையில் வைத்தார். "வண்டி புதுசுதான். கை அதே கைதானே."

அருகிலேயே ஒரு மெக்கானிக் கடை. வாசலில் பூஜைப் பொரி இன்னும் சிதறிக் கிடந்தது. உருட்டிச் சென்றோம். மெக்கானிக் முன் தகட்டில் விரலை வைத்து முகர்ந்தார்.

"அக்கா, இதுக்குத் தலைக்கு எண்ணெ தேச்சது யாரு?"

அம்மா தம் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்று நான் சொல்லியிருந்தால் யாரும் மேலே கேட்டிருக்க மாட்டார்கள்.

"நான்தான்," என்றேன். "நேத்து பூஜைக்கு. பளபளன்னு இருக்கட்டும்னு."

"பளபளன்னுதான் கீது. பிரேக்குதான் இல்ல." அவர் பின்சக்கரத்தைக் காட்டினார். "டிரம்மு மூடிக்கினு கீது, மேல எவ்ளோ தேச்சாலும் உள்ள போவாது. அதான் புடிச்சுது. டிஸ்க்கு தொறந்து கீது. எண்ணெ பட்டா பேடு குடிச்சுடும். மாத்தியே ஆவணும்."

மூன்று முறை விளக்கியபோதும், திறந்திருப்பதை நான் நன்மையாக மட்டுமே சொல்லியிருந்தேன்.

"அப்போ நான் சரியாத்தான் புடிச்சேனா?" அம்மா என்னிடம் கேட்கவில்லை, மெக்கானிக்கிடம் கேட்டார்.

"கரெக்டா புடிச்சீங்கக்கா. ரெண்டு கையும் போட்டதாலதான் வண்டி நின்னுச்சு."

அம்மா மறுபடியும் கேட்டார். அவரும் மறுபடியும் சொன்னார்.

மெக்கானிக் தகட்டைச் சுத்தம் செய்து, புதுப் பேடுகள் பொருத்தி, தாமே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, முதலில் மெதுவாகப் போகச் சொன்னார். அம்மா என் முன் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

பல்லாவரம் வரை, தேவையில்லாத இடங்களிலெல்லாம் அவர் வலக்கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஒவ்வொரு முறையும் வண்டி தயங்கியது. ஒவ்வொரு முறையும் நான் அவர் முதுகில் மோதினேன். பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, கைப்பையைச் சரிசெய்துகொண்டார்.

"நீ ட்ரெயின்ல வீட்டுக்குப் போ. சாயங்காலம் நான் தனியாவே வந்துடுவேன்."