பாதியில் எழுந்துபோன மாமா

எங்கள் குடும்பத்துப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு வயதிலேயே காது குத்திவிடுவார்கள். எனக்கு மட்டும் ஆறு வயதாகிவிட்டது. நல்ல நாள் அமையவில்லை என்று நாள்காட்டியின் மேல் பழி போட்டார்கள். பாவம் நாள்காட்டி, அது என்ன செய்யும்? அம்மாவும் அப்பாவும் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் எங்களை அழைத்துப்போக வந்த தாய்மாமாவை அப்பா வாசற்படியிலிருந்து தள்ளிவிட, மாமாவின் இடது கை முறிந்தது. போலீஸ், வழக்கு, ஜாமீன் எல்லாம் ஆயிற்று. நானும் அம்மாவும் புக்கிட் பெலண்டோக் என்ற ஊருக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். வழக்கு முடியும்வரை மாமா இருக்கும் இடத்தை அப்பா நெருங்கக் கூடாது. என்னை ஞாயிற்றுக்கிழமை மட்டும், பெரியம்மா கூட இருக்கும்போது பார்க்கலாம். ஒன்று பிசகினாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஞாயிறு என்றால் அப்பாவின் மோட்டார் சைக்கிள் வரும், அதன் கூடையில் ரம்புத்தான் பழம் இருக்கும் என்பதுதான்.

பெரியவர்களின் மூளை எங்கே போயிற்றோ, காதுகுத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்தார்கள். தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? தோட்டத்துக் கோயில் பந்தலில், மாவுக்கட்டுப் போட்ட கையோடு மாமா என்னை மடியில் வைத்துக்கொண்டார். அப்பா சாலைக்கு அந்தப் பக்கம், செம்பனை மரங்களின் ஓரமாக, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தாராம்.

பத்தர் வலது காதைக் குத்தினார். அவ்வளவுதான், கோயிலே அதிர "அப்பா" என்று கத்தினேன். இடது காதைத் தொடவிடவில்லை. பத்தரின் கையைக் கடித்தும் வைத்தேன். அப்பா ஒரு காலைச் சாலையில் வைத்தார். பிறகு பின்னுக்கு எடுத்துக்கொண்டார். நான் மறுபடியும் கத்தினேன். மறுபடியும் கால் வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன்.

மாமா பெரியம்மாவின் காதில் ஏதோ சொன்னார். என்னைத் தூக்கி அவர் மடியில் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கோயிலின் பின்பக்கமாக நடந்து, தோட்டத்துக்குள் போய் மறைந்தார். அதற்குப் பிறகுதான் பெரியம்மா சாலையைப் பார்த்துக் கையசைத்தார். அப்பா ஓடி வந்து என்னை வாங்கிக்கொண்டார். அவர் சட்டையில் வியர்வையும் பெட்ரோலும் மணத்தன. இடது காதைக் குத்தியது எனக்குத் தெரியவே இல்லை. நான் அழவில்லை, அப்பாதான் அழுதார்.

எல்லோரும் சாப்பிட்டு, அப்பாவும் கிளம்பிப்போன பிறகு மாமா திரும்பி வந்தார். கால்சட்டை முழுக்க ஒட்டுப்புல். ஆறிப்போன சோற்றைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு அவர்மேல் கோபமான கோபம். தாய்மாமன் பாதியில் எழுந்து போகலாமா?

"ஏன் மாமா ஓடிப்போனீங்க? அப்பாவப் பார்த்துப் பயந்துட்டீங்களா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஆமாம்மா. ரொம்பப் பயந்துட்டேன்."

வழக்கு நடந்தபோது, அப்பா தன்னைத் தள்ளியதை மாமா ஒன்று விடாமல் சொன்னாராம். அதே வாயால், பிள்ளை அத்தனை அழுதும், தான் போகும்வரை அப்பா சாலையைத் தாண்டவில்லை என்பதையும் சொன்னாராம். அப்பாவுக்குத் தண்டனை கிடைத்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் போகவில்லை. இதெல்லாம் நான் கல்யாணம் செய்துகொண்டு நீலாய் நகருக்கு வந்த பிறகு பெரியம்மா சொல்லித் தெரிந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் புதுத் தோட்டைக் காட்டிக்கொண்டே எல்லோரிடமும் சொன்னேன், எங்கள் மாமா ஒரு பயந்தாங்கொள்ளி என்று.